சீட்டில் விழுந்த வயல்

“அலோ... அலோ... தஞ்சாவூரா? புள்ளிவிவர ஆபீஸுங்களா?... துரைராசு இருக்காங்களா?... ஆமாங்க, ஆமாங்க, இன்ஸ்பெக்டருதான்... யாரு, தம்பியா! நான்தான் நம்ம தெரு ரெங்கம்மா அத்தை... ஜலீல் பாய் கடையிலேருந்து பேசுறேன். டிரங்கால் தம்பி, சட்டுனு கேட்டுக்க.”

ரெங்கம்மாள் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். மறுநாள் ரெவின்யூ கோர்ட்டில் அவளுக்கு வாய்தா. குத்தகை நெல் அளக்கவில்லை, நிலத்தை விட்டு இறக்குங்கள் என்று மிராசுதார் வழக்குப் போட்டிருந்தார். மழையில் முழுகி அழுகிய சம்பாவில் எதை அளப்பது என்று கேட்டால், அந்த மனுஷருக்குக் காது கிடையாது.

“வெள்ளத்துல போன வருசத்துக்குக் குத்தகையத் தள்ளுபடி பண்ணிக் குடுப்பாங்கன்னு வக்கீலு சொன்னாரு... ஆமா... கோர்ட்டுல உங்க ஆபீஸு கணக்கைக் கேட்டாங்க. அதுல நம்ம ஊரு நல்லா வெளைஞ்சிருக்குன்னு இருக்காமே?... எப்படித் தம்பி?... இல்ல, கேளு... மகசூலு பாக்க எந்த வயலை அறுக்குறதுன்னு சீட்டுப் போட்டதுல விழுந்தது என் வயலுதானே? நீதானே அளந்து அறுக்க முளைக்குச்சியும் கயிறுமா வந்து நின்ன?... ம்... ம்... கதிரே இல்லாத வயல்ல எதை அறுக்குறது, சரி. ஒண்ணுமில்லேன்னு எழுதவேண்டியதுதானே?... என்னது?... ஒண்ணுமில்லேன்னு எழுதுனா நீ வேலையே பாக்கலேன்னு ஆயிடுமா?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது.

“அதனால ரோட்டோரமா மிராசுதாரு மேட்டு வயல்ல போயி அறுத்துட்டியா?... ஆமா, ஆமா, அங்க தண்ணி ஏறலை, தெரியும்... அந்த ஒரு வயலை வெச்சு ஊருக்கே எழுதிட்டியே தம்பி!... ஓகோ... சொன்ன தேதிக்கு எல்லா ஊரும் முடிச்சதுக்கு ஜில்லாவுலயே மொதல் ஆபீஸா? மந்திரி கையால கேடயமா?... சந்தோசம். ரொம்ப சந்தோசம்.”

கடையில் மண்ணெண்ணெய்க்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“அதை விடு தம்பி. நாளைக்குக் கோர்ட்டுக்கு வந்து, வயலை மாத்தி அறுத்துட்டோம்னு ஒரு வார்த்தை சொல்லிடு... வேலை போயிடுமா?... எனக்கு நெலம் போவுதே! எங்கப்பன் பண்ணையாளாவே கெடந்து செத்தாரு. குத்தகைக்காரின்னு நான் பேரெடுத்தது இந்த வயலாலதான்... அழுவலை, நான் ஒண்ணும் அழுவலை... அடுத்த வருசம் சரியா எழுதிடுறியா? அடுத்த வருசம் அதுல யாரு தம்பி நாத்து நடுவா?”

அந்தப் பக்கம் துரைராசு என்ன சொன்னானோ, அவள் ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

“சரிங்க... சரிங்க சார். நீங்க உங்க ஆபீஸைப் பாருங்க... அலோ?... அலோ?...”

ரிசீவரை வைத்தாள். என்ன சொன்னார்கள் என்று ஜலீல் பாய் கேட்டார்.

“நம்ம ஊரு நல்லா வெளைஞ்சிருக்காம் பாய்” என்றாள். “எனக்குத்தான் தெரியலையாம்.”