கலங்காத பீர்

அந்தி மயங்கும் நேரம். மிங்கலாடோன் ஸ்டேஷனைத் தாண்டினால் ரப்பர்த் தோட்டம்... அதற்கும் அப்பால், ஏரிக்குப் போகும் ஒற்றைச் செம்மண் பாதை. ஆள் அரவம் கிடையாது. இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள், இதைச் சத்தமாகச் சொல்ல எனக்கே பிடிக்காது. நம் பக்கத்து வீட்டுத் தைலம்மாளின் பெரியப்பா மகன் ராஜரத்தினத்துக்கு நடந்தது இது. நம் ஜனம் கப்பலேறிப் பிழைக்கப் போன சீமையில், இருபத்தாறாம் வருஷத்துக் கிறிஸ்துமஸ் லீவு.

மனுஷன் க்யிம்யிண்டைங் அரிசி மில்லில் குமாஸ்தா. துரை வீட்டுப் பட்லரிடம் பக்குவம் கேட்டு, பார்லியை முளைகட்டிக் காய்ச்சி, நுரைக்கவிட்டு, வீட்டிலேயே ஒரு மரப் பீப்பாய் நிறையப் பீர் போட்டார். மில் கூட்டாளிகள் மூன்று பேரோடு துரைமார் மாதிரி ஏரிக்கரையில் கூடாரம் அடித்துக் குடிப்பதாக ஏற்பாடு. பீப்பாயை மாட்டுவண்டியில் ஏற்ற அவருக்கு மனம் வரவில்லை. வண்டி குலுங்கினால் அடியில் தங்கிய வண்டல் எழும்பும், பீர் கலங்கிவிடும். நாலு பேர் முன்னால் மானம் போகாதா? ஆகவே அது மச்சினன் செல்லக்கண்ணுவின் தலையில் ஏறியது. ஜுரம் விட்டுப் பத்தியம்கூட முடியாத உடம்பு.

செல்லக்கண்ணுவின் அக்கா கனகாம்பாள் புருஷனிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"எனக்குன்னு இருக்கிறது அந்தத் தம்பி ஒருத்தன்தான். பத்திரமாக் கூட்டியாந்துடுங்க."

ஆகட்டும் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்.

தோட்டத்துக்குள்ளேயே செல்லக்கண்ணு பின்தங்கினான். இருட்டுவதற்குள் கூடாரம் அடிக்க வேண்டுமே என்று இவர்கள் முன்னால் போய்விட்டார்கள். கூடாரம் அடித்தாயிற்று, தீ மூட்டியாயிற்று... அவனைக் காணோம். ராஜரத்தினம் எழுந்தார். தேடப்போவது மச்சினனையா, பீரையா என்று இராமையா என்கிற கூட்டாளி கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். வெட்கப்பட்டு உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம்... தப்... தப்... என்று ஈரக்கால் சத்தம். பீப்பாயோடு வந்து நின்றான். அப்பாடா என்றிருந்தது ராஜரத்தினத்துக்கு.

அவன் வெளிச்சத்துக்கு வரவில்லை. கூடாரத்தின் பின்னால் இருட்டில் குந்திக்கொண்டு, கிளாஸ் கிளாஸாக நீட்டினான். க்ளுக்... க்ளுக்... அத்தனை தூரம் சுமந்தும் பீர் கொஞ்சமும் கலங்கவில்லை. கூட்டாளிகள் புகழ்ந்து தள்ளினார்கள். ராஜரத்தினத்துக்குத் தலைகால் புரியவில்லை. இளஞ்சூடாக இருந்தது, கிணற்றடிச் சேறு மாதிரி ஒரு வாடை... அதையும் குடித்தார்.

பாதைப் பக்கமிருந்து ஒரு முனகல் வந்தது. நீண்டு... தேய்ந்து...

"அது நரி மச்சான். நீங்க குடிங்க." கூடாரத்தின் பின்னாலிருந்துதான் குரல் வந்தது.

பீடி எடுக்கச் சட்டைப்பையில் கைவிட்டார். விரலில் சில்லென்று பித்தளை பட்டது. பீப்பாயின் குழாய்! அதைச் சுத்தியால் அடித்துப் பொருத்தாமல் ஒரு சொட்டு வெளியே வராது. காலையிலிருந்து அது அவர் பையிலேதான் கிடந்தது. பின்னால் ஊற்றும் சத்தமோ நிற்கவே இல்லை.

கூட்டாளிகளிடம் சொல்லியிருக்கலாம். எழுந்து பாதைக்கு ஓடியிருக்கலாம். பயம் மனுஷனைக் கட்டிப்போட்டுவிட்டது. நீட்டிய கிளாஸை வாங்கிக்கொண்டார். மறுபடி அந்த முனகல் கேட்டபோது, நரிதான் என்று மற்றவர்களுக்கு அவரே சொன்னார். பாவி.

விடிந்தபோது செல்லக்கண்ணுவும் இல்லை, பீப்பாயும் இல்லை. நாலு பேரும் வந்த வழியே திரும்பினார்கள். கூப்பிடு தூரத்திலேயே, பாதையோரப் பள்ளத்தில் மல்லாந்து கிடந்தான். நெஞ்சின் மேல் பீப்பாய், அடைப்புக்கூடப் பிரிக்காமல், நிறைய. அதைப் புரட்டித் தள்ளினார்கள். உயிர் இருந்தது. கண்ணைத் திறந்து ராஜரத்தினத்தை மட்டும் பார்த்தான்.

"ராத்திரி பூரா பக்கத்திலேயே உக்காந்து பாத்துக்கிட்டிருந்தீங்களே மச்சான்... ஒரு கை குடுத்திருக்கலாமே."

அதோடு மூச்சு நின்றுவிட்டது.

அவர் தங்களோடுதான் இருந்தார் என்று சொல்ல இராமையா வாயெடுத்தார். தரையைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். செல்லக்கண்ணுவின் தலைமாட்டில், பனியில் நனைந்த புல்லுக்கு நடுவே, ஓர் ஆள் உட்கார்ந்த அளவுக்கு மட்டும் ஈரமே இல்லை. அங்கே ஒரு கிளாஸ் இருந்தது... நுரை இன்னும் அடங்காமல்.