மொட்டைமாடிக் கொடி

கொஞ்சம் மெதுவாகப் பேசலாமா, சார்? உள்ளே குழந்தை தூங்குகிறாள். இப்போதெல்லாம் நன்றாகத்தான் தூங்குகிறாள். எனக்குத்தான் பழைய பயம் விட்டபாடில்லை. பக்கத்து வீட்டில் கதவு சாத்தினாலும் உடம்பு தூக்கிவாரிப் போடுகிறது. அந்த நாற்காலியை இழுக்காமல் தூக்கிப் போட்டு உட்காருங்கள்.

நான் கடிகாரம் பழுது பார்ப்பவன். முன்னறைதான் கடை. உங்கள் ஜெட் விமானங்கள் பயிற்சிக்குக் கிளம்பினால் எங்கள் கூரையை உரசுவது போலத்தான் போகும். கண்ணில் வைத்திருக்கும் லென்ஸ் விழும், இடுக்கியில் பிடித்த திருகாணி பறக்கும். நான் தரையில் தவழ்ந்து தேடுவேன். "கடிகாரக்காரருக்கு மறுபடியும் தவழ்ற வயசு வந்துடுச்சு" என்று தெருவில் கிண்டல் செய்வார்கள். நானும் சிரித்து வைப்பேன்.

குழந்தை பிறந்த பிறகு சிரிப்பு வரவில்லை. சத்தம் தலைக்கு மேல் கடந்ததும் அவள் அழமாட்டாள், விறைத்துப் போவாள். மூச்சு அடைத்து உதடு நீலம் பாரிக்கும். முதுகைத் தட்டித் தட்டி அழவைக்க வேண்டும். அவள் அழுதால்தான் எங்களுக்கு உயிர் வரும். ஒருநாள் என் மனைவி துணிமணிகளை மூட்டை கட்டினாள். "சத்தம் நிக்கட்டும், வரேன். அதுவரைக்கும் என்னைக் கூப்பிடாதீங்க" என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அவளை நான் குறை சொல்லவே மாட்டேன்.

இந்தப் பக்கத்தில் எங்கள் மாடிதான் உயரம். அதனால் கொடி என் பொறுப்பு. விமானம் கிளம்பும் முன் உங்கள் தளத்திலிருந்து போன் வரும். நான் மொட்டைமாடிக்கு ஏறிச் சிவப்புக் கொடியை ஏற்றுவேன். அதைப் பார்த்துக் கூரை வேலை செய்பவர்கள் இறங்கி நிற்பார்கள். பிறகு எல்லோருக்கும் கைபேசியிலேயே செய்தி வர ஆரம்பித்தது. விதிப்படி எச்சரிக்கை என்றால் கொடிதான், ஆனாலும் அண்ணாந்து பார்ப்பதையே மக்கள் விட்டுவிட்டார்கள், என் தங்கை வீட்டுக்காரர் ஒருவரைத் தவிர.

மாப்பிள்ளை குதிரை பழக்குகிறவர். மணி அடித்தால் குதிரை மிரளும் என்று கைபேசியை லாயத்திலேயே வைத்துவிட்டு ஏரிக்கரைக்குப் போவார். கொடி ஏறியிருந்தால் இறங்கி நின்று, குதிரையின் தலையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொள்வார். "கொடி இல்லன்னா வானம் நம்மளது மச்சான்" என்பார். ஒருமுறை கேட்டேன், "என்னைக்காவது நான் மறந்துட்டா?" அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "உங்க கடையில இருக்கற அத்தனை கடிகாரமும் நின்னாலும் நீங்க மறக்க மாட்டீங்க."

உங்களுக்கு முன்பு இருந்த அதிகாரி ஒரு கூட்டம் போட்டார். நாங்கள் மன்றாடினோம். அவர் பொறுமையாகச் சொன்னார்: "சத்தத்துக்காகப் பாதையை மாத்த முடியாதுங்க. எச்சரிக்கை இல்லாம பறந்து, அதனால ஒரு உயிர் போனாத்தான் இந்தப் பாதையை மூடுவாங்க, விதி அப்படி. அந்த மாதிரி எதுவும் நடக்காம நாங்க பாத்துக்கறோம்." ஆறுதலாகத்தான் சொன்னார். மற்றவர்கள் கடைசி வாக்கியத்தைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். நான் அதற்கு முந்தைய வாக்கியத்தோடு வந்தேன்.

மாப்பிள்ளை மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கொடியை நம்பி வெளியே போகிறவர் வேறு யாராவது இருந்திருந்தால், அவரை நினைத்திருப்பேன். வேறு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் போன் வந்தது. "சரிங்க, ஏத்திடறேன்" என்றேன். மாடிக்கும் ஏறினேன். ஏரிக்கரையில் மாப்பிள்ளை தெரிந்தார். சேணம் புதிதாகப் பழகும் குதிரை, நிலைகொள்ளாமல் அலைபாய்ந்துகொண்டிருந்தது. அவர் வழக்கம்போல என் பக்கம் திரும்பிக் கையைத் தூக்கினார். நானும் கையைத் தூக்கினேன். மடித்த கொடி என் அக்குளில் இருந்தது. தங்கை தைத்துக் கொடுத்த கொடி, இரட்டைத் தையல்.

இரண்டு விமானங்கள் வந்தன. குதிரை பின்னங்கால்களில் எழுந்து நின்றது. அப்புறம் குதிரை மட்டும் ஓடியது. அவர் கரைக் கற்களின் மேல் கிடந்தார்.

அதோடு நான் கீழே இறங்கியிருக்க வேண்டும். ஆனால் தங்கை அலறிக்கொண்டு தெருவுக்கு ஓடிவருவது கேட்டது. அவள் முதலில் என் மாடியைத்தான் பார்ப்பாள் என்று எனக்குத் தெரியும். கயிற்றை இழுத்துவிட்டேன், சார். அவள் அண்ணாந்து பார்த்தபோது கொடி பறந்துகொண்டிருந்தது. பின்னால் ஓடிவந்த தெருவும் அதைத்தான் பார்த்தது.

விசாரணை முடியும்வரை பறக்கக் கூடாது என்றார்கள். என் மனைவி குழந்தையோடு திரும்பி வந்தாள். தங்கை தினமும் இங்கே வந்து, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, செத்துப்போன மனிதரோடு சண்டை போடுகிறாள். "அண்ணன் கொடி ஏத்திட்டுத்தானே நின்னாரு? உங்க கண்ணு எங்க போச்சு?" அதைக் கேட்டால் எழுந்து முன்னறைக்குப் போய்விடுவேன். ஆனாலும் அதற்காக இதை உங்களிடம் சொல்லவில்லை.

சற்று முன்பு விசாரணை அறிக்கையைப் படித்துக் காட்டினீர்களே, அதற்காகத்தான் சொல்கிறேன். எச்சரிக்கை சரியாகத் தரப்பட்டது, இறந்தவரின் கவனக்குறைவே காரணம், திங்கட்கிழமை முதல் மறுபடியும் பறக்கலாம். என் கடமை உணர்ச்சியைப் பாராட்டி ஒரு வரி வேறு சேர்த்திருக்கிறீர்கள்.

அதை அடித்துவிடுங்கள். அன்று அவர் உயிரோடு இருந்தவரை கொடி ஏறவில்லை. நான்தான் ஏற்றவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள், வருகிறேன். தங்கையிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். அவள் முகத்தைப் பார்த்து என்னால் முடியாது. ஆனால் எச்சரிக்கை இல்லை என்பதை முதலில் எழுதுங்கள், இங்கேயே, என் கண் முன்னால். இல்லாவிட்டால் பாவம், அந்த நல்ல மனிதர் செத்தது வீணாகிவிடும்.