டிராக்தானே

– நக்கோ ஸ்டெல்லா, வேணாம், நிறுத்து அந்த சிடியை. காது கூசுது.

– முதல் பாட்டே முடியலையே, உலகண்ணா. ரேடியோல இதைப் பத்தி என்ன சொல்லுவீங்க?

– என்னத்தைச் சொல்ல? பையன் வீடு மல்லாபூர். தினம் ஷேர் ஆட்டோல தொங்கிட்டுப் போறவன். பாட்டைக் கேட்டா நியூயார்க்ல நடுரோட்டுல எவனோ இவனைச் சுட வர்ற மாதிரி கத்தறான். ராப் பாடு, வேணாங்கலை. ஷேர் ஆட்டோவைப் பத்திப் பாடேன். அதுல இல்லாத சண்டையா?

– பாவம், காலேஜ் பசங்க.

– பாவம் பார்த்தா ஞாயித்துக்கிழமை அரை மணி நேரம் ஃபோன் வழியா எஃப்எம்ல எதைப் பேசுறது? ஹைதராபாத்ல இருக்கிற தமிழாளுங்க பூரா சோத்துத் தட்டோட உக்காந்து, இந்த வாரம் உலகநாதன் யாரைக் கிழிக்கப் போறான்னு காத்துக்கிட்டிருக்காங்க. அடுத்ததைப் போடு.

– இது ரீமிக்ஸ்.

– அதைப் போடவே போடாதே. பழைய பாட்டு சிவனேன்னு இருந்துச்சு. அடியில டங்கு டங்குன்னு டிரம்மைக் கட்டி, நடுவுல நாலு பொண்ணுங்களை ‘கமான்’னு சொல்ல விட்டா புதுப் பாட்டாயிடுமா? நானும் மியூசிக் ப்ரொட்யூசர்தான். எனக்கும் அந்த பட்டன் எங்க இருக்குன்னு தெரியும். அமுக்கறதில்லை.

– போன மாசம் அமுக்கினீங்களே, அந்தக் கல்யாண வீடியோவுக்கு.

– அது கல்யாணம். கேட்டியா, அதை விடு. வேற என்ன இருக்கு?

– ஒண்ணே ஒண்ணு. தாரிணியோட புது ஆல்பம். தெரியாமத்தான் கேக்குறேன், நீங்க இன்னும் கேக்கவே இல்லையா? நம்ம ஸ்டுடியோவுலேர்ந்து போன பாட்டாச்சே.

– போனதோட சரி. மெட்ராஸ் கம்பெனிக்காரன் நான் போட்ட மியூசிக் பூரா மாத்திட்டான்னு சொன்னாங்க. வயித்தெரிச்சல்ல கேக்கலை. போடு, பார்த்துடுவோம்.

– என்னண்ணா, இதை நிறுத்தச் சொல்லலை?

– பேசாதே. அந்த ரெண்டாவது வரியைத் திருப்பிப் போடு. கேட்டியா, சொல்லுக்கு முன்னாடி ஒரு மூச்சு வாங்கறா. அழப்போறான்னு பார்த்தா சிரிச்சுட்டா. இப்பல்லாம் ஆளாளுக்குக் குரலை மிஷின்ல விட்டு இஸ்திரி போட்டுடறான். இதுல மடிப்பு அப்படியே இருக்கு.

– அப்ப நல்லா இருக்கா?

– இந்த வருஷம் நான் கேட்டதுல இதுதான் குரல். தாரிணிகிட்ட இவ்வளவு இருக்கும்னு நினைக்கலை. கோவிச்சுக்காதே, நீ பாடின டிராக் எங்க, இது எங்க.

– கோவமெல்லாம் இல்ல.

– டிராக்னா அவ்வளவுதாம்மா. பெரிய பாடகி வந்து கேட்டுக் கத்துக்கறதுக்கு ஒரு மாதிரி. அவ பாடி முடிச்சதும் அழிச்சுடுவாங்க. பின்னாடி பாரு, தூரத்துல ஒரு ரயில் போகுது. என்ன கற்பனை. மெட்ராஸ்காரன் மெட்ராஸ்காரன்தான். இதை ரேடியோல சொல்லியே ஆகணும்.

– தெரியாமத்தான் கேக்குறேன், ரயிலுக்கு அவங்க எங்க போனாங்க?

– எஃபெக்ட்ஸ் சிடியில ஆயிரம் ரயில் இருக்கு.

– இது லாலாகுடா கூட்ஸ் வண்டி. உங்க ஸ்டுடியோ ஏசிக்குப் பக்கத்துல ஒரு ஓட்டை இருக்கே, அது வழியா வந்தது. பெரிய பாடகிங்க பாடும்போது வண்டி வந்தா ரெக்கார்டிங்கை நிறுத்துவீங்க. அன்னைக்கு நான் பாட்டை நிறுத்தப் பார்த்தேன். ‘டிராக்தானே, நிறுத்த நக்கோ, பாடு’ன்னு கையைக் காட்டினீங்க. அதுக்குத்தான் சிரிச்சேன்.

– திருப்பிப் போடு.

– போட்டாச்சு.

– ஹவ், ஆமா. நீதான். அப்ப தாரிணி?

– பாடவே இல்லை போல. அட்டையில மட்டும் அவ பேர்.

– வந்ததுமே ஏம்மா சொல்லலை?

– மாதாப்பூர் கால் சென்டர்ல வாரம் பூரா என் பேர் ஸ்டேசி. ஞாயித்துக்கிழமை இங்க வந்தா பேரே கிடையாது. மூணு வருஷமா பாடறேன், என் குரலைப் பத்தி நீங்க ஒரு வார்த்தை சொன்னதில்லை. வேற யாரோன்னு நினைச்சாவது சொல்லுவீங்களான்னு பார்த்தேன். சொல்லிட்டீங்க. எனக்கு அழுகையா வருது அண்ணா.

– எனக்கு வெக்கமா இருக்கு. இன்னைக்கே ரேடியோல உன் பேரைச் சொல்றேன்.

– சொன்னா அந்தக் கம்பெனி தர்றதாச் சொன்ன அடுத்த அஞ்சு பாட்டை உங்களுக்குக் குடுக்குமா?

– குடுக்காது. போகட்டும். இரு, ஃபோன் அடிக்குது. எஃப்எம்காரங்கதான். எடுத்த உடனே லைவ், ஹலோ கூடக் கிடையாது.

– அண்ணா, அது உங்க செல்லு.

– உஷ். நேயர்களே வணக்கம், உலகநாதன் பேசறேன். இந்த வாரம் ஒரே ஒரு பாட்டுதான். அட்டையில தாரிணின்னு போட்டிருக்கான். பொய். பாடினது நம்ம லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ் பொண்ணு, ஸ்டெல்லா. இந்தப் பொண்ணு பேரை முழுங்கின கம்பெனி இருக்கே...

– அண்ணா, எஃப்எம் எப்பவும் லேண்ட்லைன்லதான் வரும். அது இப்பத்தான் அடிக்க ஆரம்பிச்சிருக்கு.

– அப்ப இது யாரு? ஹலோ? ஆங்... வணக்கம் சார்.

– யாருண்ணா?

– மெட்ராஸ் கம்பெனி முதலாளி. இரு, ஃபோனைப் பொத்திக்கிட்டேன். முழுசும் கேட்டுட்டார்.

– திட்டறாரா?

– இல்லையே, சிரிக்கிறார். தாரிணிக்குத் தொண்டை சரியில்லையாம். அடுத்த அஞ்சு பாட்டும் அந்தப் பொண்ணே பாடட்டும், மியூசிக்கும் நீயே பண்ணு, ரேடியோல மட்டும் வாயைத் திறக்காதேங்கறார். அஞ்சு பாட்டு, ஸ்டெல்லா.

– அட்டையில யார் பேருன்னு கேளுங்க.

– சார், அட்டையில பேரு... சரி சார், ஒரு நிமிஷம். தாரிணி பேர்தானாம்.

– நீங்க என்ன சொல்றீங்க?

– யோசிக்கக் கொஞ்சம் விடும்மா. அந்த லேண்ட்லைன் வேற அடிச்சு உயிரை வாங்குது.

– நீங்க அவர்கிட்ட பேசிட்டிருங்க, இதை நான் எடுக்கறேன். வணக்கம். உலகண்ணாவுக்கு வேற லைன்ல கொஞ்சம் வேலை. இந்த வாரப் புதுப் பாட்டைப் பத்தி, அதைப் பாடினவளே பேசறேன். என் பேர் ஸ்டெல்லா.