ரேணுகாவின் பின்சீட்

பைக்கில் நெடுந்தூரம் போனால் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு முதலில் இடுப்புதான் பிடித்துக்கொள்ளும், மச்சான். ஓட்டுகிறவனுக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்தது. உன் அக்கா ரேணுகா ஊரப்பாக்கத்தில் ஆரம்பித்து மகாபலிபுரம் வரைக்கும் அதைச் சொல்லிக்கொண்டே வருவாள்.

அதனால் செங்கல்பட்டில் சீட் தைக்கும் கடையில் கொடுத்துப் பின்சீட்டை அகலமாக்கி, இரண்டு அங்குலம் ஃபோம் வைத்தேன். இடுப்பு வலி நின்றது. பேச்சு நிற்கவில்லை. "இன்னாங்க, மெதுவா போங்க, லாரி வர்து" என்று ஒவ்வொரு வேகத்தடைக்கும் முதுகில் ஒரு தட்டு. பாவம், பிடிப்பில்லாமல்தானே தட்டுகிறாள் என்று முதுகுசாய்வு வைத்தேன், இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்தேன். காற்றில் காது வலிக்கிறது என்றாள். முகம் மூடும் ஹெல்மெட் வாங்கிக் கொடுத்தேன், காதுக்குப் பஞ்சும் கொடுத்தேன். பின் ஷாக் அப்சார்பரையும் மாற்றினேன். பள்ளத்தில் இறங்கினாலும் பின்னால் ஆள் இருப்பதே தெரியாது. எந்தப் புருஷன் பெண்டாட்டிக்காக இவ்வளவு செய்கிறான், சொல்லு.

போன ஞாயிற்றுக்கிழமை திருக்கழுக்குன்றத்தில் டீ குடித்தோம். அவள் கடைக்குப் பின்னால் முகம் கழுவப் போனாள். நான் வண்டியைக் கிளப்பினேன். மகாபலிபுரத்தில் இறங்கிப் பார்த்தால் ஆளைக் காணோம். சீட் அவ்வளவு சொகுசு, அதனால் தெரியவில்லை என்று உன் அப்பாவிடம் போனில் சொன்னேன். அவர்கூடச் சிரித்துவிட்டார். ரேணுகா சிரிக்கவில்லை. நேராக இங்கே, செய்யூருக்கு வந்தவள், ஒரு வாரமாகத் திரும்பவில்லை.

"மாமா, அக்கா ஒண்ணே ஒண்ணுதான் கேக்குது. வேணும்னே வுட்டுட்டுப் போனியா, இல்லியா? நெஜத்த சொன்னா வருமாம். இன்னொரு பொய் சொன்னா இந்த வூட்டு வாசல்ல வண்டிய நிறுத்தாத" என்கிறாய்.

அவள் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பதும் எனக்குத் தெரியும். சொல்லிவிடுகிறேன். கண்ணாடியில் பார்த்தேன். ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடி வந்தாள். "தாமோதரா, நில்லுய்யா" என்று கத்தினாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வளைவு வரைக்கும் போய்த் திரும்பலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அன்றைக்கு வண்டி போன போக்கு இருக்கிறதே, அடடா. கடல் வந்துவிட்டது. வஞ்சிரம் வறுவல் சாப்பிட்டேன். சவுக்குத் தோப்பில் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். அவள் பையும் போனும் என் வண்டிப் பெட்டியில் இருந்தன. டீக்கடைக்காரர் போனிலிருந்து பதினான்கு தடவை கூப்பிட்டிருந்தாள். ஏழாவது தடவைக்கே எனக்கு முழிப்பு வந்துவிட்டது. எடுக்கவில்லை.

தப்புதான், மச்சான். வேண்டுமென்றே செய்ததுதான். அதற்காக அவள்மேல் எனக்குப் பிரியம் இல்லை என்று நினைத்துவிடாதே. இந்த ஒரு வாரமாக வீட்டில் எனக்குச் சோறே இறங்கவில்லை. கூட்டிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறேன். அவளுக்கு எது சௌகரியம் என்று ராத்திரியெல்லாம் யோசித்தேன். பத்தரைக்கு மதுராந்தகம் டவுன் பஸ் வருகிறது, பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, சன்னலோரம் சாய்ந்து உட்காரலாம். இரண்டு பஸ் மாறினால் ஊரப்பாக்கம். நான் வண்டியில் முன்னால் போய், கடலோரமாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அவள் வருவதற்குள் வீட்டைத் திறந்து வைக்கிறேன்.