மணிமாறனுக்கு நான் எடுத்துக் கொடுத்த பிளேட்

தர்பூசணி வாங்குவதில் நான் கெட்டிக்காரன் என்று என் மனைவி பத்மா சொல்வாள். துபாய் சத்வாவில் எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கும் கடையில் அவள் பழத்தைத் தொடவே மாட்டாள். என்னைத் தட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டுக் கீரைப் பக்கம் போய்விடுவாள். இத்தனை வருஷத்தில் ஒரு வெளிறிய பழம் வந்ததில்லை. ஆனால் தட்டிப் பார்ப்பதில் எனக்கே நம்பிக்கை கிடையாது. பழத்துக்குச் சரி. மனிதன் நெஞ்சில் கட்டிக்கொள்ளும் பொருளுக்கு அது போதாது.

நிதானமாகவே சொல்கிறேன். நான் சொல்வதையெல்லாம் மொழிபெயர்ப்பாளர் செய்கு முகம்மது அரபியில் மாற்றி அதிகாரிக்குச் சொல்ல வேண்டும். பாவம், அவருக்கும் இது பிடித்த வேலையாகத் தெரியவில்லை.

என் பெயர் பாஸ்கர். ஷார்ஜாவில் ஒரு கிடங்கில் தரப் பரிசோதனை இன்ஜினியர். புல்லட் புரூஃப் ஜாக்கெட்டுக்குள் செருகும் பிளேட்டுகளை வரவழைத்து, ஈராக்கில் சரக்கு லாரி ஓட்டும் கம்பெனிகளுக்கு விற்கிறோம். பிளேட்டின் முன்பக்கம் செராமிக். அது தோட்டாவை நொறுக்கும். பின்பக்கம் அழுத்திய நார். அது சிதறலைப் பிடித்துக்கொள்ளும். செராமிக்கில் ஏற்கனவே விரிசல் இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் தப்பிவிடும். மேலே துணி உறை தைத்திருப்பதால் விரிசல் கண்ணுக்குத் தெரியாது.

மலிவானதெல்லாம் மட்டம் என்று நான் சொல்லமாட்டேன். மலிவிலும் யோக்கியமான சரக்கு உண்டு. லேபிளைப் படிக்கத் தெரிய வேண்டும். 'சான்று பெற்றது' என்பது வேறு, 'தரத்துக்கேற்பச் சோதிக்கப்பட்டது' என்பது வேறு. இரண்டாவதை யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம். யார் சோதித்தார்கள், எந்தத் தோட்டாவால் சுட்டார்கள் என்று அதில் இருக்காது. சுட்டுப் பார்ப்பதுதான் உண்மையான சோதனை. ஆனால் சுட்ட பிளேட்டை விற்க முடியாது, விற்கும் பிளேட்டைச் சுட முடியாது. இந்தத் தொழிலின் சங்கடமே இதுதான்.

போன குளிர்காலத்தில் ஒரு புதிய இடத்திலிருந்து சரக்கு வந்தது. லேபிளில் இரண்டாவது வாசகம். சில பெட்டிகளின் மூலை நசுங்கியிருந்தது. பிளேட்டை இரண்டு கையாலும் பிடித்து லேசாக முறுக்கினால், சிலவற்றில் மணலை மெல்வது போல ஒரு சத்தம். எண்ணெய்க் குழாய் வெல்டிங்கை எக்ஸ்ரே எடுக்கும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. சிலவற்றை அவரிடம் கொண்டுபோனேன். படத்தில் விரிசல்கள் தெளிவாக இருந்தன. ஒரு பிளேட்டில் நெஞ்சு நடுவில் மேலிருந்து கீழ்வரை ஓடியது.

முதலாளி ஃபாரூக் பாயிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. எங்கள் மகள் ஷ்ருதிக்கு ஸ்கூல் சீட் வாங்கித் தந்தவர் அவர்தான்.

"கம்ப்ளைண்ட் எதும் வந்திருக்கா, பாஸ்கர்?" என்று கேட்டார்.

"இன்னும் இல்ல பாய்."

"அப்புறம் என்ன? கம்ப்ளைண்ட் வரட்டும், பாப்போம். யாரோ வெல்டிங் எக்ஸ்ரே எடுக்கிறவன் சொன்னான்னு ஒரு லோடைத் திருப்பி அனுப்ப முடியுமா? சொல்லுங்க."

வாங்கும் கம்பெனியின் மேலாளரிடமும் சூசகமாகச் சொல்லிப் பார்த்தேன். அவரும் அதையேதான் சொன்னார். இதுவரை யாரும் புகார் செய்யவில்லையாம். பிளேட் உடைந்து செத்தவன் எப்படிப் புகார் செய்வான் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் விசா போயிருக்கும். என் கையைக் கட்டிப்போட்டு வைத்திருந்தார்கள் என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். யாரென்று தெரியாத அந்த டிரைவர்களை நினைத்து எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் மணிமாறன் வந்தான். எங்கள் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவன், பரமக்குடிப் பக்கம். நான் மதுரை. இங்கே அது ஒரே ஊர் மாதிரிதான். காண்ட்ராக்ட் முடிந்து, ஈராக்கில் லாரி ஓட்டப் போவதாகச் சொன்னான். ஜாக்கெட்டைக் கம்பெனி கொடுத்துவிட்டது. பிளேட்டை எங்கள் கிடங்கிலேயே எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள்.

"சார், நீங்களே தட்டிப் பாத்து ஒண்ணு எடுத்துக் குடுங்க சார். நம்மூரு ஆளு கையால குடுத்தா போதும். எங்க வீட்ல நாகஜோதி ஒரே அழுகை. பாஸ்கர் சார் எடுத்துக் குடுப்பாருன்னு சொல்லித்தான் அவளச் சமாதானம் பண்ணி வெச்சிருக்கேன்."

மேல் தட்டில் பழைய சரக்கு இருந்தது. சான்று பெற்றது, நல்ல பிளேட். கை எட்டும் தூரம்தான். நான் கீழ் தட்டிலிருந்து எடுத்தேன். நெஞ்சு நடுவில் விரிசல் ஓடிய அந்தப் பிளேட்டை. அவன் பார்த்துக்கொண்டிருந்ததால் அதை இரண்டு முறை தட்டியும் காட்டினேன்.

"ஓகேவா சார்?"

"ஓகே."

அவன் குனிந்து என் காலைத் தொட வந்தான். நான் தடுத்துவிட்டேன்.

ஏன் என்று அதிகாரி கேட்கிறார். எனக்கு ஒரு புகார் தேவைப்பட்டது. முகம் தெரியாத ஒருவன் செத்திருந்தால் அந்தப் பிளேட் ஏதாவது பாலைவன ரோட்டோரத்தில் கிடந்திருக்கும். மணிமாறனுக்கு ஒன்று என்றால் நாகஜோதி எனக்குத்தான் போன் செய்வாள். பிளேட் என்னிடம் திரும்பி வரும். அந்தப் பிளேட்டின் எக்ஸ்ரே என்னிடம் இருந்தது. இரண்டையும் சேர்த்து வைத்தால் யாரும் மறுக்க முடியாது. மற்ற டிரைவர்கள் எல்லோரும் பிழைத்துக்கொள்வார்கள். வேறு வழி இருந்திருந்தால் நான் அதைச் செய்திருப்பேன். அவனைச் சுடப் போகிறார்கள் என்று எனக்கென்ன ஜோசியமா தெரியும்? சும்மா திரும்பி வந்திருந்தால் சந்தோஷம்தான் பட்டிருப்பேன்.

ஈராக்கில் ஹில்லா நகருக்குப் போகும் வழியில் லாரியை மறித்து மணிமாறனைச் சுட்டுக் கொன்றார்கள். நாகஜோதி போன் செய்தாள். "நீங்க குடுத்தத மாட்டித்தான சார் இருந்தாரு அவரு? அப்புறம் எப்பிடி சார்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். நானும் அழுதேன். அந்த அழுகையில் பொய் இல்லை.

அவளைக் கம்பெனியில் கேட்கச் சொல்லிப் பிளேட்டை வரவழைத்தேன். தோட்டா விரிசலுக்குப் பக்கத்திலேயே புகுந்திருந்தது. பிளேட்டையும் எக்ஸ்ரே படத்தையும் ஃபாரூக் பாய் மேஜையில் வைத்தேன். அவர் முகம் வெளிறிவிட்டது. அன்றைக்கே எல்லாக் கம்பெனிகளுக்கும் போன் போனது. அந்தச் சரக்கு முழுவதும் திரும்ப வந்தது. நான் நினைத்தபடியே நடந்தது. அதற்குப் பிறகுதான் அவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கி, ஓரத்தில் இருந்த தேதியைப் படித்தார்.

"இதே பிளேட்டை அவன் ஈராக் போறதுக்கு முந்தியே எக்ஸ்ரே எடுத்திருந்தீங்களா?" என்றார். படத்தையும் பிளேட்டையும் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார். போலீசுக்குச் சொன்னதும் அவர்தான். அவர் எனக்கு நன்றி சொல்வார் என்று நான் எதிர்பார்த்திருந்தேன்.

ஈராக் போன பிறகு மணிமாறன் என்னிடம் பேசினானா என்று அதிகாரி கேட்கிறார். ஒரு தடவை பேசினான். ரூமில் கூடத் தங்கியிருந்த நேபாளக்காரன் வேலையை விட்டு ஊருக்குப் போகிறானாம். அவனுடைய பிளேட்டைச் சும்மா தருகிறேன் என்றானாம்.

"நல்ல கம்பெனி பிளேட்டுங்கிறான் சார். மாத்திக்கவா?" என்று கேட்டான்.

லேபிளைப் படிக்கச் சொன்னேன். தட்டுத் தடுமாறி எழுத்துக் கூட்டிப் படித்தான். சான்று பெற்ற பிளேட்தான். இந்த இடத்தில் செய்கு முகம்மது மொழிபெயர்ப்பை நிறுத்திவிட்டு என்னையே பார்க்கிறார். பரவாயில்லை பாய், சொல்லுங்கள். மாற்ற வேண்டாம் என்று மணிமாறனிடம் சொன்னேன். அடுத்தவன் போட்டுக் கழித்ததை நம்பாதே, நான் பார்த்துக் கொடுத்ததையே போடு, எவ்வளவு வெயிலானாலும் வண்டியில் ஏறினால் கழற்றாதே என்று சொன்னேன். அவன் மேல் எனக்கு அவ்வளவு அக்கறை இருந்தது. அதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.