கீழ்ச்சரிவின் பட்டை

1886-ஆம் ஆண்டு பிப்ரவரி 9, செவ்வாய்க்கிழமை, ஜமைக்காவின் நீலமலைத் தொடரிலுள்ள செரீனா மலைத்தோட்டத்திலிருந்து கடலோரத்து ஸ்டோனி கல்லி கிராமத்துக்கு ஆறு தகரப்பெட்டிகளில், குளிர்காய்ச்சலுக்குக் கொடுக்கும் சிங்கோனா பட்டைத்தூள் அனுப்பப்பட்டது. மார்ச் 14-ஆம் தேதிக்குள் அந்தக் கிராமத்தில் இருபத்தேழு பேர் குளிர்காய்ச்சலில் இறந்தார்கள்.

நான் மத்தியானத்துக்கு முன் காப்பி குடிப்பதில்லை. உங்கள் காவலர் கொண்டுவந்த கோப்பையை வேண்டாமென்று சொன்னதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஐயா. இருபத்தொரு வருடப் பழக்கம். காலையில் என் நாக்கு சுத்தமாக இருக்க வேண்டும்.

என் பெயர் சகரியா பென்னிகுக். வயது ஐம்பத்தெட்டு. செரீனா தோட்டத்தின் தலைமைத் தோட்டக்காரன். உங்கள் விசாரணை அறிக்கையை எங்கள் தேவாலயத்தில் வாசித்தபோது நானும் உட்கார்ந்து கேட்டேன். 'பட்டைக் கொட்டகையில் நேர்ந்த கவனக்குறைவால் பெட்டிகள் மாறிவிட்டன' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வார்த்தையைத் திருத்தத்தான் பதினான்கு மைல் நடந்து இறங்கி வந்தேன். நீங்கள் கிங்ஸ்டனிலிருந்து வரும்வரை பன்னிரண்டு நாள் இந்தக் காவலறையில் காத்திருந்தேன். என் கொட்டகையில் கவனக்குறைவு நேர்வதில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

கடலுக்கு அந்தப் பக்கமிருக்கும் தோட்டங்களோடு எங்களுக்குக் கொடுக்கல் வாங்கல் உண்டு. பேதிக்குக் கொடுக்கும் ஜாலப் கிழங்கு இங்கிருந்து போகும். நன்னாரி போகும். பதிலுக்கு அவர்கள் விதையும் நாற்றும் அனுப்புவார்கள். கண்ணாடி போட்ட மரப்பெட்டிக்குள் மண்ணைப் பரப்பி, நாற்றை நட்டு, மூடி அரக்கு வைத்து, கப்பலின் மேல்தளத்தில் கட்டிவிடுவார்கள். உள்ளே இருக்கும் ஈரத்திலேயே அது நாலு மாதம் உயிரோடு இருக்கும். 1865-இல் அப்படி ஒரு பெட்டியில் சிங்கோனா நாற்றுகள் வந்தன. கீழே வெயிலில் நட்டார்கள். வாடின. மிச்சமிருந்த நாற்பதை நான் என் தலையில் சுமந்துகொண்டு மலை ஏறினேன். மூன்று நடை. பதினொன்று பிழைத்தன. கீழ்ச்சரிவில் இன்று நிற்கும் எண்ணூறு மரமும் அந்தப் பதினொன்றின் பிள்ளைகள்.

எந்த மரத்தில் மருந்து கூடுதல் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்தது. வெறும் வயிற்றில் பட்டையைக் கிள்ளி மென்றுபார்ப்பேன். கசப்பு நாக்கின் நுனியில் நின்றுவிட்டால் அடிமரத்தில் ஒரு வெட்டு. தொண்டைவரை போனால் இரண்டு. காதுக்குள் ஏறினால் மூன்று. மூன்று வெட்டு மரத்தின் விதையை மட்டும்தான் மற்றத் தோட்டங்களுக்கு அனுப்புவோம். இருபது வருடத்தில் பதினோரு தோட்டங்களுக்கு அனுப்பினோம். பட்டை உரிக்கும் பெண்கள் கேலி செய்வார்கள். "நாக்கண்ணன் மென்னு துப்புனாத்தான் மரத்துக்கே ஞானஸ்நானம்" என்பாள் கேத்தூராள். "பொண்ணு பாக்கப் போறப்பவும் கிள்ளித்தான் பாத்தாரு, அதான் இன்னும் ஒண்டிக்கட்டை." நான் கோபித்துக்கொண்டதில்லை. அந்தச் சிரிப்பில் மரியாதை இருந்தது.

கொர்னீலியஸ் டல்லக் மூன்று வருடத்துக்கு முன்பு எங்கள் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தார். எங்கள் ஆள்தான், எங்கள் நிறம்தான். ஆனால் சீமையில் இரண்டு வருடம் ஒரு தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். முப்பத்திரண்டு வயது. ஜாவாவிலிருந்து வந்த புது விதையை மேட்டுப்பாத்தியில் போட்டு வளர்த்தார். நல்ல கை. அதை நான் மறுக்கவில்லை. கெட்ட மனிதரும் இல்லை. என் முழங்கால் வலிக்குத் தைலம் காய்ச்சிக் கொடுத்தவர். அவரிடம் இருந்த குறை ஒன்றுதான். அலமாரியில் ஈதர் சீசா வைத்திருந்தார். பட்டைத்தூளைச் சுண்ணாம்போடு பிசைந்து, ஈதரை ஊற்றிக் குலுக்கி, வடித்து, ஆறவைத்துப் பார்ப்பார். அடியில் வெள்ளையாகப் படிந்தால் அது கொய்னா, மருந்து. படியாவிட்டால் வெறும் பட்டை.

போன வருடக் கடைசியில் கீழ்ச்சரிவின் மூன்று வெட்டு மரங்களைச் சோதித்தார். ஒன்றும் படியவில்லை. நாற்பது மரம் பார்த்தார். என்னிடம் தனியாகத்தான் வந்து சொன்னார்.

"அண்ணே, மனசுல வச்சுக்காதீங்க. இது கலந்துபோன சாதி. பக்கத்துல நின்ன காட்டு மரத்தோட மகரந்தம் சேந்துருக்கு. கசப்பு இருக்கு, மருந்து இல்ல."

"கசப்புதான் மருந்து" என்றேன்.

"பாகல்கொடி கொதிக்கவச்ச தண்ணிகூடத்தான் கசக்குது. உங்க வீட்டுலயும் எங்க வீட்டுலயும் ஞாயித்துக்கெழமையானா அதத்தான குடிக்கிறோம்? குளிர்காய்ச்சல் போயிருச்சா?"

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன்.

மேற்பார்வையாளர் ஹார்ட்வெல் துரை ஜனவரியில் பதினோரு தோட்டங்களுக்கும் கடிதம் எழுதி வைத்தார். செரீனாவிலிருந்து வந்த விதையில் முளைத்த மரங்கள் பயனற்றவை, வேரோடு பிடுங்கி எரித்துவிடவும் என்று. எனக்கு வாசித்தும் காட்டினார். அது அவருடைய நாகரிகம். பிப்ரவரிக் கடைசியில் வரும் தபால் கப்பலில் அது போக வேண்டும். பதினோரு தோட்டம், ஐயா. நான் பார்த்திராத கடல்களுக்கு அப்பால் என் மரங்கள் நின்றன. பதினோரு இடத்திலும் ஒரே மாதத்தில் எரித்திருப்பார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஸ்டோனி கல்லியில் காய்ச்சல் கண்டது. மேட்டுப்பாத்திப் பட்டையை இடித்து ஆறு பெட்டி அனுப்பச் சொல்லி உத்தரவு. சனிக்கிழமை டல்லக் தானே இடித்து, சலித்து, பெட்டியில் அடைத்து, தன் கையெழுத்தில் சீட்டு ஒட்டினார். கீழ்ச்சரிவுப் பட்டையை நான் ஏற்கெனவே இடித்து ஆறு பெட்டியில் வைத்திருந்தேன். அதைச் சாயம் போடுகிறவர்களுக்குத் தள்ளிவிடச் சொல்லியிருந்தார் துரை.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் தேவாலயத்தில் இருந்தார்கள். கொட்டகையின் சாவி என்னிடம். பாட்டுச் சத்தம் மேலே கேட்டுக்கொண்டிருந்தது. பன்னிரண்டு பெட்டியிலிருந்ததையும் கோணிமேல் தனித்தனிக் குவியலாகக் கொட்டி, டல்லக் சீட்டு ஒட்டிய ஆறில் என் தூளையும் என் ஆறில் அவருடையதையும் நிரப்பினேன். ஒரு சிட்டிகை சிந்தவில்லை. சீட்டு கசங்கவில்லை. பிரசங்கம் முடிவதற்குள் நானும் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். இதைத்தான் நீங்கள் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள்.

என் எண்ணம் நேரானது. நோயாளிகள் எழுந்து நடப்பார்கள். டல்லக்கின் பட்டைதான் குணமாக்கியது என்று எல்லோரும் சொல்வார்கள். அப்போது நான் துரையின் முன் போய் நின்று, அது கீழ்ச்சரிவின் பட்டை என்று சொல்வேன். கடிதம் கிழிபடும். ஈதர் குலுக்கிப் பார்ப்பதைவிட மனிதருக்குக் கொடுத்துப் பார்ப்பதுதானே சரியான சோதனை?

பெட்டிகளோடு டல்லக்கும் கிளம்பினார். அது நான் எதிர்பார்க்காதது. கிராமத்தில் மருத்துவச்சி ஐசில்டா ஒருத்திதான் இருந்தாள், தனியாகத் தவித்தாள், அதனால். "ஒரு வாரத்துல வந்துருவேன், அண்ணே. மேட்டுப்பாத்திக்குத் தண்ணி காட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் தவறாமல் தண்ணீர் காட்டினேன். அந்த நாற்றுகள் நன்றாக இருக்கின்றன, போய்ப் பாருங்கள்.

பிப்ரவரி 19 காலையில் ஐசில்டா மலையேறி வந்தாள். பெரிய உடம்புக்காரி, மூச்சு வாங்கியது. மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் மேசைமேல் வைத்தாள்.

"அண்ணே, ஒம்போது பேரு போயிட்டாங்க. தூளு கேக்கவே மாட்டேங்குது. கொர்னீலியஸு ராவும் பகலும் ஊட்டிவிடுறாரு, ஒண்ணுக்கும் அசையல. வழியில ஈரம் கீரம் பட்டுருச்சோ என்னமோன்னு சொல்றாரு. உங்க நாக்குல வச்சுப் பாக்கச் சொன்னாரு."

"யாரு சொன்னது?"

"அவருதான். 'நாக்கண்ணன் பாத்துச் சொல்லட்டும், அவரு சொன்னாச் சரி'ன்னாரு. அதோட அவரு அலமாரில இருக்குற ஈதரையும் கையோட வாங்கிட்டு வரச் சொன்னாரு."

ஐயா, படித்த ஒருவர் என் நாக்கைக் கேட்டு ஆள் அனுப்பியது இருபத்தொரு வருடத்தில் அன்று ஒரு நாள்தான். பொட்டலத்தைப் பிரித்தேன். ஒரு சிட்டிகை எடுத்து வைத்தேன். கசப்பு தொண்டையைத் தாண்டி இரண்டு காதுக்கும் ஏறியது. மூன்று வெட்டு. சந்தேகமே இல்லை.

"முதல்தரப் பட்டை" என்றேன். "ஈரம் படல. அளவுதான் பத்தல. ரெண்டு மடங்கு கொடுக்கச் சொல்லு."

"ஈதர்?"

"தீந்துபோச்சு."

அது அரை சீசா இருந்தது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள், உங்கள் அறிக்கையில் இல்லை. டல்லக்கின் தூள் நிறைந்த ஆறு பெட்டிகளும் அப்போது அவள் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் இருந்தன. அவள் ஒரு குவளை தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். மரவள்ளி ரொட்டியும் கருவாடும் கட்டிக் கொடுத்தேன், வழிக்கு ஆகட்டும் என்று. "உங்க வாய் நல்ல வாய், அண்ணே. இனி பொழச்சிக்குவாங்க" என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போனாள்.

ஒன்பது பேர் இறந்ததைக் கேட்ட பிறகாவது ஏன் நிறுத்தவில்லை என்று கேட்பீர்கள். பாதியில் நிறுத்திய சோதனை சோதனையா? ஒன்பது பேருக்குக் குறைந்த அளவு போயிருக்கிறது. சரியான அளவு அப்போதுதான் தொடங்கவிருந்தது.

டல்லக்குக்கு பிப்ரவரி 25-இல் காய்ச்சல் கண்டது. தான் ஒட்டிய சீட்டுள்ள பெட்டியிலிருந்தே எடுத்து, நான் சொன்ன அளவில், ஒரு வேளை தவறாமல் சாப்பிட்டிருக்கிறார். மார்ச் 3 காலையில் இறந்தார். நல்ல உரமான உடம்பு அவருக்கு. கடைசிவரை பட்டையை அவர் குறை சொல்லவில்லை என்று ஐசில்டா சாட்சி சொன்னாள். தண்ணீரைத்தான் சந்தேகப்பட்டாராம். அவருடைய ஒன்பதாம் நாள் துக்கக் கூட்டத்துக்கு நான் போனேன். அவர் மனைவிக்கு ஒரு குலை வாழைக்காயும் காப்பிக்கொட்டையும் கொண்டுபோனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கையை நான் இழுத்துக்கொள்ளவில்லை. ஒளிக்க வேண்டிய காரியம் எதையும் அது செய்யவில்லை.

மேட்டுப்பாத்திப் பட்டை காய்ச்சலைக் குணமாக்கவில்லை என்ற செய்தி பிப்ரவரி 24-ஆம் தேதியே துரைக்கு எட்டிவிட்டது. ஈதர் சோதனை தப்பு என்று முடிவுசெய்து பதினோரு கடிதங்களையும் அவர் அடுப்பில் போட்டார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு கிங்ஸ்டனிலிருந்து ஒரு மருந்தாளர் வந்து, பெட்டியில் மிஞ்சியதைச் சோதித்து, இரண்டும் மாறியிருப்பதைக் கண்டுபிடித்தார் என்பது உண்மை. ஆனால் அதற்குள் தபால் கப்பல் போய்விட்டது. அடுத்தது ஜூனில். அதற்குள் அந்தத் தோட்டங்களில் இந்தப் பருவத்து விதை விழுந்திருக்கும். அவர்கள் அதை அடுத்த தோட்டங்களுக்கு அனுப்பியிருப்பார்கள். எங்கே எங்கே என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் சொல்லமாட்டேன்.

வருத்தம் தெரிவிக்கிறேனா என்று உங்கள் எழுத்தர் படிவத்தில் ஒரு கட்டம் வைத்திருக்கிறார். அதைக் காலியாக விட்டுவிடுங்கள். ஸ்டோனி கல்லி சதுப்பு நிலத்தின் கரையில் இருக்கிறது. எந்தப் பட்டை போயிருந்தாலும் சிலர் இறந்திருப்பார்கள். என் பட்டை மோசம் என்று இன்றுவரை ஒரு சீசாதான் சொல்கிறது. நான் எதையும் மறைக்க வரவில்லை. ஆறு பெட்டியையும் மாற்றியது நான். அறிந்தே மாற்றினேன். மாறியது தெரிந்தே அளவைக் கூட்டச் சொன்னேன். கீழ்ச்சரிவு மரங்களை வெட்ட ஆள் அனுப்பியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். வெட்டுகிறவர்களை முதலில் ஒரு துண்டு மென்றுபார்க்கச் சொல்லுங்கள்.

இன்னும் ஒன்று கேட்டீர்கள், போன வாரத்தைப் பற்றி. வழக்குக்குச் சம்பந்தமில்லாதது, ஆனாலும் சொல்கிறேன். இந்தக் காவலறையில் எனக்கும் குளிர்காய்ச்சல் கண்டது. திங்கட்கிழமை சிறை மருத்துவர் வந்தார். சாட்சிப் பொருளாகக் கொண்டுவந்த இரண்டு வகைப் பெட்டிகளும் அவர் வசம் இருந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பொட்டலம் மடித்து என் முன்னால் வைத்து, எது எது என்று சொல்லி, "எது வேணும், நீயே சொல்லு" என்றார்.

டல்லக்கினுடையதைக் கேட்டேன். வியாழக்கிழமை காய்ச்சல் விட்டது.