படி ஏறுவது உடம்புக்கு நல்லது

படி ஏறுவது உடம்புக்கு நல்லது. கீழே உங்கள் ஆள் லிஃப்டைக் காட்டினார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஏறியே வந்தேன். கொஞ்சம் மூச்சு வாங்குகிறது, உட்கார்ந்தால் சரியாகிவிடும். தண்ணீருக்கு நன்றி. டம்ளரின் விளிம்பில் யாருடைய உதட்டுத் தடமோ இருக்கிறது. குறையாகச் சொல்லவில்லை. இந்த மாதிரி அழுக்கெல்லாம் என் கண்ணில்தான் முதலில் படும். தொழில் அப்படி.

என் தொழில் என்ன என்பதை என் தங்கையின் கணவர் உங்கள் போலீஸில் கொடுத்த புகாரிலேயே சொல்லியிருப்பார். மாப்பிள்ளை கோபத்தில் என்னென்ன வார்த்தை விட்டாரோ, நான் நிதானமாகவே சொல்கிறேன். ஒருவர் விபத்தில் செத்துப்போனால், இன்னார் கவனக்குறைவால்தான் செத்தார் என்று குடும்பம் இழப்பீடு கேட்கும். அந்த இன்னார் எங்கள் இன்சூரன்ஸ் கம்பெனியில் காப்பீடு செய்திருந்தால் கொடுக்க வேண்டியது நாங்கள். கொடுக்கலாமா கூடாதா என்று சாவு வீட்டுக்குப் போய் விசாரித்து எழுதுபவன் நான்.

சாவு வீடு என்றாலே எனக்கு அருவருப்பு. கசங்கிய போர்வை, ஆடை படிந்து ஆறிப்போன டீ, மூக்கைச் சிந்திய கைக்குட்டை. அதே கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். பிசுபிசுவென்று இருக்கும். உதறிவிட்டு ஓடலாம் போலத் தோன்றும். ஆனால் விட மாட்டேன். கையை விட்டால் பேச்சு நின்றுவிடும்.

கூட வேலை பார்ப்பவர்கள் எடுத்த எடுப்பில் குடிப்பாரா, கடன் உண்டா என்று கேட்பார்கள். மண்டையில் ஒன்றும் கிடையாது. செத்தவரைப் பற்றிக் குறை கேட்டால் எந்த வீட்டிலும் வாயை இறுக மூடிக்கொள்வார்கள். நான் பெருமையைக் கேட்பேன். எப்படிப்பட்ட மனுஷன், அவரைப் போல யார் உண்டு என்று ஆரம்பித்து வைத்தால் போதும். புகழ்கிற வாய்க்குத் தாழ்ப்பாள் கிடையாது. நமக்கு வேண்டியது தானாக வந்து விழும். சட்டைப் பையில் போன் எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருக்கும்.

தையற்காரர் விஷயத்தில் அப்படித்தான் விழுந்தது. ஒரு பழைய கட்டடத்தின் நாலாவது மாடியில் குடியிருந்தார். அங்கே லிஃப்டுக்கு ஒவ்வொரு மாடியிலும் கையால் இழுத்துத் திறக்கிற கதவு. லிஃப்ட் வந்து நிற்காத வரை கதவைத் திறக்கவிடாமல் ஒரு பூட்டு பிடித்துக்கொள்ள வேண்டும். கதவு திறந்தால் லிஃப்ட் வந்துவிட்டது என்றுதான் எல்லோருக்கும் அர்த்தம். தையற்காரர் திறந்தார், கால் வைத்தார், உள்ளே லிஃப்ட் இல்லை.

அவர் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். கையைப் பிடித்துக்கொண்டேன். "உங்க வீட்டுக்காரர் மாதிரி ஒரு தொழில்காரர் இனிமே வரப் போறாரா" என்றேன். அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. "இந்த வயசுலயும் கண்ணாடி போடாமலே ஊசியில நூல் கோத்துடுவாருங்க. கண்ணாடி வாங்கிக் கொடுத்தாகூட எடுத்து வெச்சிடுவாரு" என்றார்கள்.

கண்ணாடி அணிய மறுத்து வந்த முதியவர் என்று எழுதினேன். அதில் ஒரு வார்த்தை பொய் உண்டா, சொல்லுங்கள். அந்த அம்மாவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. வீட்டைக் காலி செய்துவிட்டு மகளோடு போய்விட்டார்கள்.

எங்களிடம் காப்பீடு செய்திருந்த கட்டடச் சொந்தக்காரர், தன் மேல் பழி வராததற்கு நன்றி சொல்ல என்னைத் தேடி வந்தார். கார் சாவியால் காதைக் குடைந்து, வந்ததை வேட்டை நாய் மாதிரி முகர்ந்து பார்த்துவிட்டு நாற்காலிக்கு அடியில் தடவுகிற ஆள். விசாரணை முடிவதற்கு முன்பே ஒருநாள், "அந்தப் பூட்டை மாத்திடட்டுமா சார்?" என்று கேட்டிருந்தார். "இப்ப அதுல கையே வைக்காதீங்க. மாத்தினா கெட்டுப்போனது உண்மைதான்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்" என்று சொல்லியிருந்தேன். எங்கள் வேலையில் இது எல்லோரும் சொல்கிற புத்திமதிதான். பிறகு அவர் மறந்துவிட்டார். ஞாபகப்படுத்துவது என் வேலையில்லை.

அந்தச் சமயத்தில் தங்கை வீடு தேடி அலைந்துகொண்டிருந்தாள். மகள் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வேண்டும், வாடகையும் கைக்கு அடக்கமாக இருக்க வேண்டும். கட்டடச் சொந்தக்காரர் என் முகத்துக்காகத் தையற்காரர் வீட்டையே குறைந்த வாடகைக்குக் கொடுத்தார். தங்கைக்கு ஒரே குஷி. அண்ணன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள். நானும் வாராவாரம் போவேன், படியேறித்தான் போவேன். வாசலில் நான் மூச்சு வாங்கும்போது, "தொப்பை கரையட்டும்னு ஏறுறியாண்ணா? அது கரையறதுக்குள்ள எங்க சோபா உடைஞ்சிடும்" என்று கேலி செய்வாள். சிரிப்பேன்.

அவளுடைய மகளை நாங்கள் கீச்சு என்றுதான் கூப்பிடுவோம். பிறந்ததிலிருந்து அப்படி ஒரு குரல். கூடத்தில் இருந்துகொண்டு சமையலறையில் இருப்பவளை ஊருக்கே கேட்கிற மாதிரிக் கூப்பிடுவாள். "காது கிழியுதுடி" என்று தங்கை திட்டுவாள், திட்டிக்கொண்டே போய் நிற்பாள்.

அன்று காலையில் பள்ளி வேன் வந்து நின்றது. கீச்சு கீழே போன பிறகுதான் தண்ணீர் பாட்டிலை மறந்தது தெரிந்திருக்கிறது. கீழிருந்தே அம்மா என்று கூப்பிட்டிருக்கிறாள். தங்கை பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே வந்து லிஃப்ட் கதவை இழுத்தாள். லிஃப்ட் அதற்கும் மேல் மாடியில் நின்றிருந்தது. கதவு திறந்தது. கீச்சு கீழே லிஃப்ட் வாசலில் காத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

நான் போவதற்குள் தங்கையை லிஃப்ட் குழியிலிருந்து எடுத்துவிட்டிருந்தார்கள். தேங்கிய தண்ணீரும் எண்ணெயும் மாடிக்காரர்கள் வீசிய குப்பையும் சேர்ந்து நாறியது. யாரோ ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு அதற்குள் எட்டிப் பார்த்துத் துப்பினார். அந்த ஆளை அறைய வேண்டும் போலிருந்தது. இவ்வளவு கேவலமான பிறவிகள்.

மாப்பிள்ளை இழப்பீடு கேட்டார். காசுக்காக இல்லை, கதவு சரியில்லாததால்தான் செத்தாள் என்று ஒருவராவது எழுதித் தர வேண்டும் என்றார். அது எங்கள் கம்பெனிக்குத்தான் வந்தது. மேனேஜர் தங்கையின் படங்களை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு பிஸ்கட்டை டீயில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். "உன் தங்கச்சியா? அடடா. அப்ப நீயே பாத்துடு. வீட்டாளுங்க உன்கிட்டதான் மனசு விட்டுப் பேசுவாங்க" என்றார். பிஸ்கட் நனைந்து டீக்குள் விழுந்தது. விரலை விட்டுத் துழாவி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். சரி என்றேன்.

மாட்டேன் என்றிருக்கலாமே என்று கேட்பீர்கள். வேறொருவன் வந்து பூட்டைப் பற்றி விசாரித்தால் தையற்காரர் விவகாரம் கிளறப்படும், நான் சொல்லிக் கொடுத்த புத்திமதியும் வெளியே வரும். அது ஒரு காரணம். இன்னொன்று, வேறொருவன் போனால் குழந்தையைப் படுத்தி எடுத்திருப்பான். நான் அப்படிச் செய்யவில்லை.

நான் கீச்சுவின் கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அம்மா போனதிலிருந்து அவள் வாயே திறக்கவில்லை என்று மாப்பிள்ளை புலம்பிக்கொண்டிருந்தார். கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கம்மா மாதிரி ஒரு அம்மா யாருக்குடா கிடைப்பா? நீ கூப்பிட்டா என்ன செய்வா?" என்றேன்.

குழந்தையின் முகத்தில் வெளிச்சம் வந்தது. "நான் கூப்பிட்டா எந்த வேலையா இருந்தாலும் அப்படியே போட்டுட்டு ஓடி வந்துடுவாங்க மாமா. நடக்கவே மாட்டாங்க. எதுலயாவது இடிச்சுக்கிட்டுகூட வருவாங்க" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் நின்ற மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு, குழந்தையைப் பேச வைத்ததற்காக எனக்குக் கும்பிடு போட்டார். இதையெல்லாம் அவர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்.

குழந்தை அவசரமாக அழைத்ததால், லிஃப்ட் வந்திருக்கிறதா என்று பாராமல் ஓடியதே மரணத்துக்குக் காரணம். இப்படித்தான் கம்பெனியிலிருந்து பதில் போனது. விசாரித்தவர் யார் என்று அதில் போடுவதில்லை. மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் விவரம் போதாது. பக்கத்தில் குழந்தையை வைத்துக்கொண்டே அதைச் சத்தமாகப் படித்திருக்கிறார். படித்து முடித்ததும் கீச்சு, "நான் கூப்பிட்டதாலயாப்பா?" என்று கேட்டிருக்கிறாள். அவர் இல்லைம்மா இல்லைம்மா என்று கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாராம். அழுதால் குழந்தை என்ன நினைக்கும்?

அதிலிருந்து அவள் யாரையும் கூப்பிடுவதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து நிற்பாள். நாம் திரும்பிப் பார்க்கிற வரைக்கும் நிற்பாள். ஒருநாள் குளியலறைத் தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டது. தட்டவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. மாப்பிள்ளை வீடெல்லாம் தேடி, தெருவெல்லாம் தேடி, கடைசியில் கதவை உடைத்துப் பார்த்தால் ஈரத் தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டதற்கு, "நீங்க ஓடி வருவீங்களேப்பா" என்றாளாம். கேட்டபோது எனக்கே கஷ்டமாகத்தான் இருந்தது.

போன வாரம் போயிருந்தேன். கம்பெனி கைவிரித்த பிறகு சொந்தக்காரர் நாலாவது மாடிக்குப் புதுப் பூட்டு போட்டுவிட்டார், பளபளவென்று இருக்கிறது. இருந்தாலும் கீச்சு லிஃப்டில் ஏறுவதில்லை. என்னோடு படியில் வந்தாள். பாதி வழியில் நின்றாள். மெல்லிய குரலில்தான் பேசினாள்.

"மாமா, அம்மா இருக்கும்போதே நீங்க படியிலதானே வருவீங்க?"

"ஆமாம்மா. உடம்புக்கு நல்லது."

"உங்க ஆபீசுக்கு என்னைக் கூட்டிட்டுப் போனீங்களே, அங்க லிஃப்ட்லதானே போனோம்?"

அங்கே ஏற வேண்டியது ஒரே ஒரு மாடிதான். நான் அடுத்த படியில் கால் வைத்தேன். அவளும் பின்னால் ஏறி வந்தாள். அப்பாவிடம் இதைச் சொன்னது அவள்தான் என்று நீங்கள் சொல்லித்தான் தெரிகிறது. கூப்பிட்டுச் சொல்லியிருக்க மாட்டாள். பக்கத்தில் போய் நின்றிருப்பாள்.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். தையற்காரர் விழுந்த மறுநாள் அந்தக் கதவை நான் ஒற்றை விரலால் இழுத்துப் பார்த்தேன். லிஃப்ட் கீழே நின்றிருந்தது, கதவு திறந்தது. அதற்குப் பிறகுதான் பூட்டை மாற்ற வேண்டாம் என்றேன். அதற்குப் பிறகுதான் தங்கையை அங்கே குடி வைத்தேன். அவளிடம் சொல்லியிருந்தால் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருப்பாள், அதனால் சொல்லவில்லை. என் காலை மட்டும் பார்த்துக்கொண்டேன். அவள் அன்று ஓடி வரவில்லை என்றாலும், பூனை மாதிரி நடந்து வந்திருந்தாலும் விழுந்திருப்பாள். கீச்சு கூப்பிட்டதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று மாப்பிள்ளை ஒற்றைக் காலில் நிற்கிறார். நீங்களே சொல்லிவிடுங்கள், நான் தடுக்கவில்லை. சொன்னால் ஒருவேளை மறுபடியும் கூப்பிடுவாள். ஒன்றே ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்லுங்கள். மாமா அவளிடம் ஒரு பொய்யும் சொன்னதில்லை. படி ஏறுவது உடம்புக்கு நல்லதுதான்.